பன்னிரண்டு வோல்ட் மாப்பிள்ளை

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. இந்த வயதில் இதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ரயிலில் பக்கத்தில் இருப்பவர் மணி கேட்டால், பதில் சொல்வதற்கு முன் கைக்கடிகாரத்தை ஒருமுறை இறுக்கிக்கொள்கிறவன் நான். கடையில் புளி நிறுக்கும்போது தராசைப் பார்க்க மாட்டேன், கடைக்காரரின் கட்டைவிரலைத்தான் பார்ப்பேன். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த டாக்டரிடம், "இதை நீங்க சாப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டவன். (அவர் அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.)

போதாக்குறைக்கு உத்தியோகமும் அப்படியே அமைந்தது. அரக்கோணத்தில் ரயில் பார்சல் ஆபீசில் குமாஸ்தா. சாக்கைத் தட்டிப் பார்ப்பது, பெட்டியை ஆட்டிப் பார்ப்பது, "உள்ள இன்னா?" என்று கேட்பது, சொன்ன பதிலை நம்பாமல் இருப்பது, இவ்வளவுதான் வேலை. இருபத்தாறு வயதிலேயே அதில் நல்ல பெயர் எடுத்துவிட்டேன்.

அந்தப் புத்தி என்னைப் பலர் முன்னிலையில் கவிழ்த்தது ஐம்பதுகளின் நடுவில், திருத்தணியில், என் மனைவியின் தங்கை சகுந்தலாவின் கல்யாணத்தில்.

என் மாமனார் ஆர்.கே.பேட்டையில் நாலு தறி வைத்து நெய்துகொண்டிருந்தவர். மூன்று பெண்கள். மூத்தவளின் கணவர் முனிரத்தினம், திருத்தணிக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் ஓடும் பஸ்ஸின் டிரைவர். இரண்டாமவள் ரஞ்சிதம், என் மனைவி. சகுந்தலா கடைக்குட்டி. சகலை முனிரத்தினத்தின் மேல் எனக்கு அப்போது நல்ல அபிப்பிராயம் கிடையாது. அவர் ஒரு தப்பும் செய்ததில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். மாமனார் வீட்டில் அவருக்குத்தான் முதல் இலை, முதல் காபி, நல்ல தலையணை. பத்து வருஷமாக ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் ஒரு மாப்பிள்ளை மாமனார் வீட்டில் எப்படி நல்ல பெயர் வாங்க முடியும்? ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சகுந்தலாவுக்கு நகரி பக்கத்தில் வரன் அமைந்தது. நிச்சயம் முடிந்த அன்று மாமனார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சம்பந்தி சீர்செனத்தின்னு ஒண்ணும் கேக்கல மாப்ள. கல்யாணத்துல மைக் செட்டு மட்டும் வெச்சே ஆவணும்ன்றாரு. அவங்க ஊர்ல போன மாசம் ஒரு கல்யாணத்துல வெச்சாங்களாம். நான் ஆங்னு வாக்கு குட்த்துட்டேன்."

சகலை வாயைத் திறந்தார். அவர் திறந்தது பேசவா, கொட்டாவி விடவா என்றுகூட நான் பார்க்கவில்லை. முந்திக்கொண்டேன்.

"நான் கொண்டாறேன் மாமா. அரக்கோணத்துல மைக் செட்டுக்காரன் என் சிநேகிதன்."

"சத்திரத்துல கரண்டு இல்லியே தம்பி" என்றார் சகலை. "பாட்டரியிலதான் ஓட்டணும். சேத்துக் கட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றேன். (தெரியாது.)

மைக் செட்டுக்காரன் கோதண்டம் நல்லவன். கல்யாணத்துக்கு முதல் நாள் என்னைக் கடையில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். சத்தத்தைப் பெருக்கும் பெட்டிக்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். அவனிடம் இருந்ததோ பழைய கார்களில் இருந்து வந்த ஆறு வோல்ட் பாட்டரி இரண்டு. ஒவ்வொன்றின் மேலும் ஈயத்தில் இரண்டு குமிழ்கள். அவற்றைக் கோதண்டம் 'தலை' என்பான். பிளஸ் தலைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தான், மைனஸ் தலை வெறுமனே இருந்தது.

"இதோட சிவப்புத் தலைய அதோட வெறுந்தலையோட ஒரு ஒயரால சேரு. மிச்சம் இருக்கற ரெண்டு தலையும் பெட்டிக்குப் போவணும். அவ்ளோதான். உறியில இருக்கற சட்டி எட்டலன்னா இன்னா பண்ணுவ? ஒருத்தன் தோள் மேல இன்னொருத்தன ஏத்துவ. ஆறும் ஆறும் பன்னெண்டு. அதுலயே ஒருத்தனத் தலைகீழா நிறுத்தினா? ஒண்ணும் எட்டாது. புரியுதா?"

"இதுகூடவா புரியாது?"

"கைமோதிரத்தக் கழட்டிடு. கிட்ட எவனையும் பீடி புடிக்க விடாத. இன்னொண்ணு, இதான் முக்கியம். மிச்சம் இருக்கற ரெண்டு தலைய ஒண்ணோட ஒண்ணு சேத்துடாத. எந்தக் காரணத்துக்காகவும் சேத்துடாத."

இதை அவன் மூன்று தடவை சொன்னான். ஒரு விஷயத்தை ஒருவன் மூன்று தடவை சொன்னால் பார்சல் ஆபீசில் நாங்கள் அந்தச் சாக்கைப் பிரித்துவிடுவோம். 'இவ்வளவு அழுத்திச் சொல்கிறானே, தொழில் ரகசியம் எதையோ மறைக்கிறான்' என்று மனதில் குறித்துக்கொண்டேன். காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னான். எழுதிக்கொண்டால் எனக்குத் தெரியாது என்று அவனுக்குத் தெரிந்துவிடும் என்பதால் எழுதிக்கொள்ளவில்லை.

அரக்கோணத்தில் இருந்து திருத்தணி வரைக்கும் ரயிலில் மற்றச் சாமான்களை மேல்தட்டில் போட்டுவிட்டு, இரண்டு பாட்டரிகளையும் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்த ஒருவர் காலை நீட்டிக்கொள்ள இடம் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று யோசித்து, கொடுக்கவில்லை. சத்திரம் மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகும் வழியில் இருந்தது. அங்கே ஒரு மூலை அறையில் பாட்டரிகளை வைத்துச் சாக்குப் போட்டு மூடினேன். சாயங்காலம் சகலை வந்து சாக்கின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள தண்ணி இருக்குதான்னு மூடியத் தொறந்து பாத்தியா தம்பி?"

"எல்லாம் பாத்தாச்சு" என்று சாக்கை இழுத்து மூடினேன். தலைகளை மட்டும் ஒருமுறை எண்ணிக்கொண்டேன். சிவப்பு இரண்டு, வெறுந்தலை இரண்டு. அன்று பாட்டரி மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன்.

விடிந்ததும் குளிக்கப் போக வேண்டியிருந்தது. ரஞ்சிதத்தைக் காவலுக்கு வைத்தேன்.

"யாரையும் கிட்ட விடாத. முக்கியமா உங்க அக்கா வூட்டுக்காரர."

"அவரு இன்னா பண்ணப் போறாரு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உன்ன காவலுக்கு வெக்கறேன்?"

குளித்துவிட்டு வந்து பார்த்தால் அறையில் ரஞ்சிதம் இல்லை. பெண்ணுக்குத் தலை பின்னக் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டாளாம். சாக்கு மடித்து ஓரமாக வைத்திருந்தது. குனிந்து பார்த்தேன். நேற்று இரண்டு தலைதான் சிவப்பு. இன்று நான்கும் சிவப்பு!

வேறு யாராக இருந்தாலும் மனைவியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. சகலை என் பாட்டரிகளைத் தூக்கிக்கொண்டு, உயிர் போன பழைய பஸ் பாட்டரிகளை வைத்திருக்கிறார். அவசரத்தில் எல்லாத் தலைக்கும் சிவப்பு அடித்து மாட்டிக்கொண்டார்! ஆனாலும் வெளியே சொல்லவில்லை. குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று பொறுமையாக இருந்தேன். சாமான்களை எல்லாம் பந்தலுக்குக் கொண்டுபோனேன்.

முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. புனல் ஸ்பீக்கரை மலையைப் பார்த்துத் தென்னங்கம்பத்தில் கட்டியாயிற்று. சம்பந்தி தன் உறவினர்களோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். புது ஜரிகை வேட்டி, கையில் வெற்றிலை. நான்கு தலையில் எது பிளஸ், எது மைனஸ் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் எப்படி இருக்குமோ அப்படிப் பாட்டரிகளை வைத்து, கைக்கு எட்டிய தலை இரண்டை ஒயரால் சேர்த்து, மீதி இரண்டைப் பெட்டிக்குக் கொடுத்து, முருகா என்று சுவிட்சைத் தட்டினேன்.

ஒன்றும் இல்லை. உறுமல்கூட இல்லை.

(பிறகு தெரிந்தது: பிளஸ்ஸைப் பிளஸ்ஸோடு சேர்த்திருக்கிறேன். ஆறும் ஆறும் முட்டிக்கொண்டு பூஜ்யமாகிவிட்டது. கோதண்டம் சொன்ன தலைகீழ் ஆள்.)

"ஏமண்டி, எப்போ பாடுது இது?" என்றார் சம்பந்தி, நகரித் தெலுங்கு கலந்து.

"இதோ இப்ப பாடும்ங்க" என்றார் மாமனார். சம்பந்தி போட்ட ஒரே நிபந்தனை இது. இதில் வாக்குத் தவறினால் நகரிக்காரர்கள் நாளைக்கு சகுந்தலாவை என்ன சொல்லிக் குத்துவார்கள் என்று மாமனார் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் என் பொறுமை போய்விட்டது. வாசலில் நின்றிருந்த சகலையிடம் நேராகப் போனேன்.

"கையக் காட்டுங்க."

"எதுக்குப்பா?"

"ரெண்டு கையும் காட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். சிவப்பு! நான் கத்தியே விட்டேன்.

"பாத்தீங்களா! பெயிண்ட்! ராத்திரியோட ராத்திரியா என் பாட்டரிய மாத்திட்டு, செத்த பாட்டரிக்குப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காரு!"

தவில்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

"இது குங்குமம்பா" என்றார் சகலை, மெதுவாக. பக்கத்தில் சந்தனக் கிண்ணமும் குங்குமக் கிண்ணமும் இருந்தன. "வர்றவங்களுக்கு நான்தான காலையில இருந்து குட்த்துகினு இருக்கேன்."

பந்தலில் இருந்த அத்தனை பேர் நெற்றியிலும் அதே சிவப்பு. என் நெற்றியிலும்தான். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நான் விடவில்லை. கல்யாணக்காரர்களை ஏற்றி வந்த அவருடைய பஸ் வாசலில் நின்றது. கிளீனரைக் கூப்பிட்டு முன்மூடியைத் திறக்கச் சொல்லி, பஸ்ஸின் பாட்டரியையே பார்த்தேன். அதன் மேல் ஆர்.கே.பேட்டை ரோட்டுப் புழுதி ஒரு விரற்கடை கனத்துக்கு இருந்தது. அதில் ஒரு கைபட்ட அடையாளம்கூட இல்லை. சகலையின் முகம் சுருங்கிப்போயிருந்தது. பத்து வருஷ மாப்பிள்ளையைப் புதுச் சம்பந்தி முன்னால் திருடன் என்று சொல்லியாயிற்று.

எனக்கு ரோஷம் தலைக்கேறியது. மறுபடி பாட்டரிகளிடம் ஓடினேன். பெட்டிக்குப் போன ஒயர்களைப் பிடுங்கிப் போட்டேன். நடு ஒயரை மட்டும் இரண்டாவது பாட்டரியின் மறு தலைக்கு மாற்றினேன். இப்போது சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் நான் சரியாகத்தான் கட்டியிருந்தேன். பன்னிரண்டு வோல்ட் தயாராக என் கண்முன் இருந்தது. பெட்டி ஒயரை மாட்டினால் முடிந்தது.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. மீதி இரண்டு தலையும் திறந்து கிடக்கின்றன. அந்த வழியாகத்தான் கரண்டு ஒழுகிப் போகிறதோ? கோதண்டம் 'சேர்க்காதே, சேர்க்காதே' என்று ஏன் மூன்று தடவை சொன்னான்? இதுதானே ரகசியம்? ஒழுகுகிற இரண்டு வாயையும் ஒன்றாக அடைத்துவிட்டால் கரண்டு உள்ளேயே சேர்ந்து நிறைந்துவிடாதா?

அடைத்தேன்.

படார் என்று நீல நெருப்பு. ஒயர் கண்ணெதிரில் பழுக்கக் காய்ந்து சிவந்தது, மேலுறை உருகிப் புகைந்தது. பாட்டரியின் மூடி ஒன்று புஸ்ஸென்று எகிறி, உள்ளே இருந்த திராவகம் நாலு சொட்டு முன்வரிசைப் பக்கம் தெறித்தது. பந்தலில் தொங்கிய காகிதப் பூவில் தீ பிடிப்பதற்கும் நான் "ஐயோ" என்று ஒயரைக் கையால் பிடிக்கப் போவதற்கும் சரியாக இருந்தது.

"கைய வெக்காதடா!"

முதல் தடவையாகச் சகலை என்னை 'டா' போட்டார். சமையல் கட்டில் இருந்து சோறு கிளறும் மரத்துடுப்பைப் பிடுங்கி வந்து ஒரே தட்டில் ஒயரைத் தூக்கி எறிந்தார். இன்னொரு தட்டில் காகிதப் பூ கீழே விழுந்து அணைந்தது. துடுப்பு போன வழியே சமையல்காரர் ஓடி வந்து, "சாமிக்குப் படைக்கிற சோத்துல வெக்கிற துடுப்புங்க அது!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

புகை அடங்கியது. அதைவிட மோசமான ஒன்று ஆரம்பித்தது. சம்பந்தி பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மாள், "முகூர்த்த நேரத்துல நெருப்பு. இது நல்ல சகுனமா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி முணுமுணுத்தார். சம்பந்தி எழுந்து நின்றார். மாமனார் கைகூப்பியபடி நின்றார். அலங்கரித்த சகுந்தலா அறை வாசலில் நின்று அழ ஆரம்பித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் என்று இருந்தது. ஒரு மைக் செட்டால் இந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றால் அதற்கு நான்தான் காரணம், வேறு யாரும் இல்லை.

அப்போது சகலை பாட்டரிகளை உற்றுப் பார்த்துவிட்டு, "நாலு தலைக்கும் எப்படிச் சிவப்பு வந்துச்சு?" என்றார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"நான்தான் வெச்சேன்" என்றது ஒரு குரல். ரஞ்சிதம்.

"நீ ஏம்மா வெச்ச?" என்றார் சகலை.

"பின்ன என்னங்க பாவா? ரெண்டுத்துக்குப் பொட்டு இருக்குது, ரெண்டு மூளியா நிக்குது. கல்யாண வூட்ல நல்லாவா இருக்கும்? இருந்த பொட்டும் பழசாயி உரிஞ்சு கெடந்துச்சு. அதான் நாலுத்தையும் புளி போட்டுத் தேச்சுக் கழுவி, வெளக்கெண்ணெயில குங்குமம் கொழைச்சு அழகா வெச்சேன். தப்பா?"

முன்வரிசையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். கல்யாண வீட்டில் எதையும் மூளியாக விடக் கூடாது என்று அவள் நினைத்ததில் தப்பே இல்லை. அங்கே இருந்த எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள்.

சகலை நேரத்தை வீணாக்கவில்லை. சமையல் கட்டில் இருந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் உப்புத் தண்ணீர் வாங்கினார். ("அதையும் கெடுக்கப் போறீங்களா?" என்றார் சமையல்காரர்.) ஒரு பாட்டரியின் இரண்டு தலைகளில் இரண்டு ஒயரை மாட்டி, மறுமுனைகளை ஒன்றோடொன்று தொடாமல் தம்ளருக்குள் விட்டார். தம்ளரைச் சம்பந்தியின் கையிலேயே கொடுத்தார்.

"எந்தப் பக்கம் நெறைய பொங்குதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

சம்பந்தி சந்தேகத்தோடு குனிந்தார். என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி போலிருக்கிறது, கண்ணைத் தம்ளரில் ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"இந்தப் பக்கம்தான் குபுகுபுன்னு வருது."

"அதான் மைனஸ்ங்க. சம்பந்தி கையாலயே பொங்கிடுச்சு. இதவிட நல்ல சகுனம் வேணுமா?"

அந்த வயதான அம்மாள்கூட எட்டிப் பார்த்து, "ஆங், பொங்குது" என்றார். சம்பந்தி உட்கார்ந்தார்.

அடுத்த பாட்டரியையும் அதேபோல் பார்த்தாயிற்று. பஸ்ஸில் இருந்து தடித்த ஒயர் கொண்டுவந்தார்கள். சகலை கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒன்றின் பிளஸ், அடுத்ததன் மைனஸ். மீதி இரண்டும் பெட்டிக்கு, ஒன்றை ஒன்று தொடாதபடி வாழைமட்டைத் துண்டு வைத்து. சுவிட்சைத் தட்டியதும் புனலில் ம்ம்ம் என்று ஓர் உறுமல் எழுந்தது. என் வாழ்க்கையில் கேட்ட சங்கீதத்திலேயே அதுதான் உயர்ந்தது.

மைக்கை என் கையில் கொடுத்தார்.

"நீ கொண்டாந்த செட்டு. நீயே பேசிப் பாரு."

மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அலோ" என்றேன். மலையில் இருந்து "அலோ" என்று திரும்பி வந்தது. எதிரில் சகலை. அந்தக் குங்குமக் கைகள்.

"சகலை, என்ன மன்னிச்சிடுங்க. நீங்க ஒண்ணும் எடுக்கல."

அது மலைப்படிகளில் ஏறி, கோயில் வரைக்கும் போயிருக்கும். ஏறிக்கொண்டிருந்த பக்தர்கள் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்ததாகப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். முருகன் சாட்சியாக ஓர் ஆள் இவ்வளவு சத்தமாக மன்னிப்புக் கேட்டிருக்கவே மாட்டான். பந்தல் முழுக்கச் சிரித்தது. அழுதுகொண்டிருந்த சகுந்தலாவும் சிரித்தாள். சகலை மட்டும் சிரிக்காமல் மைக்கை வாங்கி, "கேட்டுடுச்சு, நல்லா வேல செய்யுது" என்றார். நாதஸ்வரம் புனலில் முழங்க, தாலி கட்டு நேரத்தோடு நடந்தது.

சம்பந்தியின் ஜரிகை வேட்டி முதல் சலவையில் சல்லடையாகப் போனதும், திராவகத்தின் குணத்தை அப்போது அவர் தெரிந்துகொண்டதும், அதற்கு நான் ஆர்.கே.பேட்டைத் தறியில் நெய்த வேட்டியோடு நகரிக்குப் போய் நின்றதும் தனிக் கதை.

சகலை அந்தக் காலையைப் பற்றி என்னிடம் ஒரு தரம்கூடக் கோபமாகப் பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எப்போது என் வீட்டுக்கு வந்தாலும் வாசலில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவார். "பாத்துக்கப்பா. ஒண்ணும் இல்ல." அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார். அவரைப் பார்த்து அவர் பிள்ளைகள் காட்டினார்கள். பிறகு என் பிள்ளைகளே பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காட்ட ஆரம்பித்தார்கள். ரஞ்சிதம் தன் பங்குக்கு, ஆயுத பூஜையில் டார்ச்சு லைட் முதல் ஸ்கூட்டர் பாட்டரி வரை ஒரு பக்கம் மட்டும் பொட்டு வைத்துவிட்டு, "போதுங்களா?" என்று என்னைப் பார்ப்பாள்.

பல வருஷம் கழித்து என் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் முதல் முதலாக வீட்டுக்கு வந்தாள். சென்னையில் வளர்ந்த பெண், எங்கள் வீட்டுக் கதை எதுவும் தெரியாது. ஆரத்தி எடுத்தார்கள். வலது காலை எடுத்து வைக்கப் போனவள், சட்டென்று நின்று, என்னைப் பார்த்துப் பயபக்தியோடு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள்.

"இது யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

"பெரியப்பாதான் மாமா. இந்த வீட்டு வழக்கம்னு சொன்னாரு."

அவளுக்குப் பின்னால் நரைத்த தலையோடு முனிரத்தினம், ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு கையையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தேன்.